கரன்ட்டை எண்ணும் கடிகாரங்கள்

மணிக்குச் சரியாகப் பத்து நிமிடம் பின்தங்குகிற கடிகாரத்தை, கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டிக் காயலான் கடையில் எடைக்குப் போட்டவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். சவுதியிலிருந்து அண்ணன் கொண்டுவந்தது, அமெரிக்காவிலிருந்து சித்தப்பா அனுப்பியது என்று பெருமையோடு ஷோகேஸில் ஏறிய பொருள் அது. முள் கிடையாது. கறுப்புத் தகடுகளில் வெள்ளை எண்கள். நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணின் மேல்பாதி 'டப்'பென்று மடிந்து விழும், அடுத்த எண் வந்து நிற்கும். ஃப்ளிப் கிளாக் என்பது இதுதான். ஸ்டெப்-டவுன் பெட்டி ஒன்றை வாங்கி அதன் வழியாகச் சொருகி, மத்தியானம் பன்னிரண்டுக்குச் சரியாக வைத்துவிட்டுப் போனால், ஒரு மணிக்கு 12:50 காட்டும். மறுநாள் மத்தியானம் வெயில் கொளுத்தும்போது காலை எட்டு மணி என்று சாதிக்கும்.

கடிகாரத்தின் மேல் குற்றமில்லை. அதற்கு நேரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. சுவரிலிருந்து வரும் கரன்ட் நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவிலும் சவுதி அரேபியாவிலும் நொடிக்கு 60 முறை, அதாவது 60 ஹெர்ட்ஸ். இந்தியாவில் 50. ஆறில் ஒரு பங்கு குறைகிறது, மணிக்குப் பத்து நிமிடம் போகிறது. இதே கடிகாரம் துபாயிலிருந்தோ குவைத்திலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்திருந்தால் ஒரு சிக்கலும் இருந்திருக்காது. அங்கெல்லாம் நம்மைப்போலவே 50 ஹெர்ட்ஸ்தான்.

1960களிலும் 70களிலும் வந்த இந்தக் கடிகாரங்களைத் தேடிப் பிடித்து, பிரித்து, துடைத்து, மறுபடி ஓடவிடுகிற பொழுதுபோக்கு இன்று உலகம் முழுக்க இருக்கிறது. வடிவத்தைப் பார்த்து மயங்கித்தான் எல்லோரும் உள்ளே வருகிறார்கள். ஆரஞ்சு நிற பிளாஸ்டிக், மரத் தோற்றம் கொடுத்த பெட்டி, விண்கலக் கனவில் உருண்டு திரண்ட கூடு எல்லாம் கண்ணைப் பறிக்கத்தான் செய்யும். ஆனால் இதில் நிலைத்து நிற்கிறவர்கள் கூட்டைப் பார்ப்பதற்கு முன் திருப்பிப் போட்டு, பின்பக்க லேபிளில் வோல்ட் எவ்வளவு, ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று பார்க்கிறவர்கள்.

ஒரு தகடு விழுகிறது

மேல்மூடியைக் கழற்றிவிட்டு, 10:58 காட்டும்போது பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நிமிடத்துக்கான உருளையைச் சுற்றி 60 மெல்லிய பிளாஸ்டிக் தகடுகள், ஒவ்வொன்றும் தன் அடிப்பக்கத்தில் ஊசி முனை அளவுக்கு இரண்டு காதுகளால் உருளையில் தொங்குகிறது. உருளை மணிக்கு ஒரு சுற்றுதான் சுற்றுகிறது. கண்ணுக்கு அது நிற்கிற மாதிரியே இருக்கும். உச்சியில் நிற்கிற தகட்டின் நுனியை ஒரு சின்னக் கொக்கி பிடித்துக்கொண்டிருக்கிறது. உருளை நகர நகரத் தகட்டின் அடி முன்னால் போகிறது, நுனி மட்டும் கொக்கியில் மாட்டி நிற்கிறது. தகடு மெல்ல வில்லாக வளைகிறது. அதற்குமேல் வளைய முடியாத நொடியில் நுனி நழுவுகிறது, தகடு விழுகிறது. அந்த 'டப்' இதுதான்.

விழுந்த தகட்டின் முன்பக்கத்தில் இருந்தது 58-இன் மேல்பாதி. விழுந்ததும் மேலே திரும்பிய அதன் முதுகில் இருப்பது 59-இன் கீழ்ப்பாதி. பின்னால் காத்திருந்த தகட்டில் 59-இன் மேல்பாதி. இரண்டும் ஒட்டிக்கொண்டு முழு எண் ஆகிவிடுகின்றன. எந்தத் தகட்டிலும் ஒரு எண் முழுதாக இல்லை என்பது பிரித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். சுத்தம் செய்யும் ஆர்வத்தில் தகடுகளை உருவிப் போட்டுவிட்டு, வரிசை மாற்றி மாட்டினால் மேலே 3, கீழே 8 என்று எந்த மொழியிலும் இல்லாத எண்கள் வந்து நிற்கும்.

59-லிருந்து 00-க்குப் போகும்போது மணித் தகடும் சேர்ந்து விழ வேண்டும். நிமிட உருளை ஒரு நெம்புகோலைத் தட்டி மணிக்கான கொக்கியை விடுவிக்கும் ஏற்பாடு இது. வயதான கடிகாரங்களில் இந்த ஒத்துழைப்பு கெட்டுப்போயிருக்கும். பத்து மணி முடிந்து 10:00 என்று காட்டி, இரண்டு நிமிடம் யோசித்து, பிறகு 11:02 என்று திருத்திக்கொள்ளும். இரண்டும் ஒரே சத்தத்தில் விழும்வரை கொக்கியை இம்மி இம்மியாக நகர்த்துவதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுசாகப் போய்விடும். பில் மரே நடித்த 1993-ஆம் வருட 'கிரவுண்ட்ஹாக் டே' படத்தில் 5:59 விழுந்து 6:00 ஆகிற அந்த பானசோனிக் கடிகார ரேடியோவின் நெருக்கக் காட்சி சாதாரண ரசிகருக்கு நகைச்சுவை. இந்த வேலை செய்து பார்த்தவருக்கு, மணியும் நிமிடமும் எவ்வளவு சுத்தமாகச் சேர்ந்து விழுகின்றன என்பதுதான் முதலில் கண்ணில் படும்.

இந்த யோசனை பழையது. ஆஸ்திரியாவின் ஜோசப் பால்வெபர் 1880களிலேயே முள்ளில்லாமல் எண் காட்டும் பாக்கெட் கடிகாரத்துக்கு வழி கண்டுபிடித்தார். அது தகடு அல்ல, எண் எழுதிய வட்டுகள் சட்டென்று நகரும் ஏற்பாடு. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் நியூயார்க்கின் யூஜின் ஃபிட்ச், கண்ணாடிக் குடுவைக்குள் தகடுகள் புரளும் 'பிளேட்டோ' கடிகாரத்தைக் கொண்டுவந்தார். அன்சோனியா நிறுவனம் அதைச் செய்து விற்றது. ஆனால் அது சாவி கொடுத்து ஓட்டும் ஸ்பிரிங் கடிகாரம். தகட்டை வளைத்து வளைத்து விடுவதற்குச் சளைக்காத ஒரு விசை வேண்டும். அது சுவரிலிருந்து வர இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

பவர் ஹவுஸுக்கு மணி சொன்னவர்

அந்த விசை சுவரிலிருந்து வந்த கதை சுவாரஸ்யமானது. ஹென்றி வாரன் என்ற அமெரிக்கர் மாசசூசெட்ஸில் மின்சாரக் கடிகாரம் செய்தார். கரன்ட்டின் ஏற்ற இறக்கத்தோடு பூட்டிக்கொண்டு சுழலும் சின்ன மோட்டார், சின்க்ரனஸ் மோட்டார், அதன் உயிர். கடிகாரம் கச்சிதமாகத்தான் இருந்தது. நேரம்தான் தப்பாக வந்தது. பார்த்தால், மின் நிலையம் 60 என்று சொல்லிக்கொண்டு அதற்குக் கொஞ்சம் மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. பல்பு எரிக்கிறவனுக்கு 59 ஆனாலென்ன, 61 ஆனாலென்ன? வாரன் ஊசல் கடிகாரத்தையும் மின்சாரக் கடிகாரத்தையும் ஒரே முகப்பில் வைத்து ஒரு மூலக் கடிகாரம் செய்து, 1916-இல் பாஸ்டன் எடிசன் கம்பெனியின் மின் நிலையத்தில் மாட்டவைத்தார். இரண்டு முட்களும் சேர்ந்தே நகரும்படி எந்திரத்தை ஓட்டுவது ஆபரேட்டரின் வேலை ஆனது. ஒரு கடிகாரக்காரர் வந்து சொல்லித்தான் மின்சாரக் கம்பெனி ஒழுங்காக மணி பார்க்கக் கற்றுக்கொண்டது.

நூறு வருடம் கழித்து இதே சமாச்சாரம் ஐரோப்பாவில் பெரிதாக வெடித்தது. 2018 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, செர்பியா - கொசோவோ தகராறில் கொசோவோ பக்கம் தன் தேவைக்கு ஏற்ற மின்சாரத்தைக் கட்டமைப்பில் சேர்க்கவில்லை. பற்றாக்குறையை ஈடுகட்டவும் யாரும் முன்வரவில்லை. ஸ்பெயினிலிருந்து துருக்கி வரை ஒன்றாகக் கோத்திருக்கும் மின்கட்டமைப்பின் சராசரி 50-இலிருந்து 49.996 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. தசமப் புள்ளிக்குப் பின் மூன்றாவது இடத்து வித்தியாசம். அதற்கே அடுப்பு, மைக்ரோவேவ், படுக்கையோரக் கடிகாரம் எல்லாம் ஏறக்குறைய ஆறு நிமிடம் பின்தங்கின. பிறகு சில வாரம் கொஞ்சம் வேகமாக ஓட்டி அந்த நிமிடங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆறு நிமிடத்துக்கே செய்தியானால், நம் தென்னக மின்தொகுப்பு பழைய நாட்களில் என்ன பாடு படுத்தியிருக்கும் என்று கணக்குப் போடலாம். 2003-க்கு முன்னால், தேவை மிஞ்சும் மாலை வேளைகளில் ஃப்ரீக்வென்சி 49-க்கும் கீழே போவது இங்கே சகஜம். 49-இலேயே ஒரு நாள் முழுக்க நின்றால் கிட்டத்தட்ட அரைமணி நேரம் காலி. ஃப்ரீக்வென்சியைப் பார்த்து விலை வைக்கும் முறை 2003-இல் தெற்கே வந்தது. 2013 கடைசி நாளில் தென்னகம் தேசியத் தொகுப்போடு கோக்கப்பட்டது. இப்போது 49.90-க்கும் 50.05-க்கும் நடுவே நிறுத்த வேண்டும் என்பது விதி. எண்பதுகளில் துபாய்க் கடிகாரம் வைத்திருந்த வீட்டில் 'இது என்னவோ மந்தமாகவே ஓடுது' என்று புலம்பியிருந்தால், அது உண்மைதான். இன்று அதே கடிகாரத்தை எடுத்துச் சொருகினால் அன்றைக்கு ஓடியதைவிட ஒழுங்காக ஓட வாய்ப்புண்டு. பழுதுபார்க்காமலேயே சரியான பொருள் வேறு ஏதாவது இருக்கிறதா?

ஃப்ளிப் கடிகாரங்களைக் கோடிக்கணக்கான படுக்கையறைகளுக்குக் கொண்டுபோனது ஜப்பான். முக்கியமான பெயர் கோப்பல். கேமரா ஷட்டர்களுக்குப் பேர்போன டோக்கியோ நிறுவனம். பழைய ஸ்டூடியோ போட்டோகிராபர்கள் லென்ஸைச் சுற்றிய வளையத்தில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பார்கள். நொடியின் பின்னத்தில் தகடுகளைத் திறந்து மூடத் தெரிந்தவர்களுக்கு நிமிடத்துக்கு ஒரு தகட்டை விழவைப்பது பெரிய வேலையா? கோப்பல் தானும் கடிகாரம் விற்றது, மற்றவர்களுக்கு உள் எந்திரத்தைச் செய்தும் கொடுத்தது. அதனால் வெளியே வேறு வேறு பிராண்டு போட்ட கடிகாரங்களைத் திறந்தால் உள்ளே ஒரே எந்திரம் சிரிக்கும். சோனியின் 'டிஜிமேட்டிக்' வரிசையும் நேஷனல் பானசோனிக்கும் வந்தபின், எழுபதுகளில் கடிகார ரேடியோ என்றாலே ஃப்ளிப்தான். பத்தாண்டு முடிவதற்குள் சிவப்பு எல்.இ.டி. எண்கள் வந்து இந்தக் கதையை முடித்தன. அசையும் பாகமே இல்லாத, விலை குறைந்த ஒன்றோடு அறுபது தகடு எத்தனை நாள் போட்டி போடும்?

ஜப்பானுக்கு இன்னொரு வினோதம் உண்டு. 1890களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் எந்திரம் வாங்கியது, ஒசாகா அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் எந்திரம் வாங்கியது. இன்றுவரை நாடு கிழக்கே 50, மேற்கே 60 என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வீடு மாறினால் கடிகாரம் தப்பிவிடும் என்பதால், உள்நாட்டுக்குச் செய்த சில மாடல்களில் 50, 60 இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி வைத்தார்கள். நமக்கு இவைதான் லட்டு. 100 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுத்து, மாற்றியை 50-இல் வைத்தால் போதும். ஆனால் ரேடியோவில் ஆசை வைக்காதீர்கள். ஜப்பானின் எஃப்.எம். 76-இல் தொடங்கி 90-இல் முடிந்த காலத்து டயல் அது. சூரியன் 93.5, மிர்ச்சி 98.3 எல்லாம் டயலுக்கு வெளியே எங்கேயோ ஒலித்துக்கொண்டிருக்கும்.

ஐரோப்பியக் கிளை வேறு ரகம். இத்தாலியின் வடகிழக்கு மலைப்பகுதியில் பெசாரிஸ் என்ற சிற்றூரில் 1725 முதல் கோபுரக் கடிகாரம் செய்துவந்தது சோலாரி குடும்பம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஃபெர்மோ, ரெமிஜியோ என்ற சகோதரர்கள் உதினே நகரில் தனியாகத் தொழில் நடத்தினார்கள். எந்திர மூளை ரெமிஜியோ. வடிவம் கட்டடக் கலைஞர் ஜீனோ வாலே. அவர்களின் 'சிஃப்ரா 5' கடிகாரத்துக்கு 1956-இல் இத்தாலியின் பெரிய வடிவமைப்பு விருதான கொம்பாசோ தோரோ கிடைத்தது. எண் விழும் தகட்டில் எழுத்தும் விழலாமே என்று தோன்றியதுதான் திருப்பம். ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் ஊர்ப் பெயர்கள் சடசடவென்று புரண்ட பெரிய பலகைகள் அங்கிருந்து பிறந்தவை. 1962-இல் அதற்கும் அதே விருது. சிங்கப்பூர் சாங்கியில் விமானம் மாறிய தமிழர்கள் பலருக்கு அந்தச் சத்தம் காதில் இருக்கும். மழை பெய்வது போல ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடி, சென்னை, திருச்சி என்று வந்து நிற்கும். இரண்டாம் முனையத்துப் பலகை 2020-இல் ஓய்வு பெற்றது. அறுபதுகளில் வாலே வடிவமைத்த உருளை வடிவ 'சிஃப்ரா 3' நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கம்பெனி இன்றும் அதை விற்கிறது. அழகில் அதற்கு இணை கிடையாது. விலையைக் கேட்டால் அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொள்வதே நல்லது என்று தோன்றும்.

மேசையின் மேல்

பத்தில் ஏழெட்டுக் கடிகாரங்களின் நோய் ஒன்றுதான் என்பது என் அனுபவம்: மோட்டார் வறண்டுபோயிருக்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மோட்டார், அதோடு ஒட்டிய பல்சக்கரப் பெட்டி. நாற்பது ஐம்பது வருடத்தில் உள்ளே இருந்த க்ரீஸ் மெழுகாகக் கெட்டியாகியிருக்கும். சொருகினால் கரகரவென்று சத்தம், விரலால் தட்டினால் ஓட்டம், மறுநாள் மௌனம். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் மடிப்புகளை நிமிர்த்தித் திறந்து, பல்சக்கரங்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் அலசி, தண்டுகளின் முனையில் மட்டும் துளித்துளியாகக் கடிகார எண்ணெய் விட வேண்டும். கிடைக்காவிட்டால் நல்ல தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். கதவுக் கீல் முதல் கம்ப்யூட்டர் ஃபேன் வரை அதையே விடுகிற பழக்கம் நமக்கு உண்டு. மார்கழியில் உறைந்து, சித்திரையில் பிசினாகி, மோட்டாரை இரண்டாவது முறை கொல்லும். கேனில் வரும் துரு நீக்கி ஸ்பிரேயும் அப்படித்தான். அன்றைக்கு அற்புதமாக ஓடும், ஆவியானபின் பழைய கதை.

அதே ஆல்கஹாலைத் தகட்டின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அச்சடித்த வெள்ளை எண் பஞ்சோடு வந்துவிடும். தூசிக்கு மென்மையான பிரஷ், பிசுக்குக்கு லேசான சோப்புத் தண்ணீர், அதோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். நேரம் வைக்கும்போது திருகைப் பின்னோக்கித் திருப்பவும் கூடாது. தகடுகள் கொக்கியில் மாட்டி மடங்கும், காது உடையும். ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டுமென்றால் 23 மணி நேரம் முன்னால் ஓட்டித்தான் வர வேண்டும். பழைய மின்வெட்டு நாட்களில் இந்தக் கடிகாரங்களோடு குடித்தனம் நடத்தியவர்களுக்குத் திருகும் கை தானாகப் பழகியிருக்கும். கரன்ட் போனால் நிற்கும், வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், இடையில் போன நேரத்துக்கு அது பொறுப்பல்ல.

எண்களுக்கு மேலே மங்கலான ஆரஞ்சு வெளிச்சம் தருவது ஒரு குட்டி நியான் விளக்கு. வயதாக ஆகக் கண்ணாடியின் உட்புறம் கறுத்து, கண் சிமிட்ட ஆரம்பிக்கும். சில ரூபாயில் கிடைக்கும் புது நியானைப் பழைய ரெசிஸ்டரோடு சேர்த்துப் பற்றவைத்தால் முடிந்தது. இந்த இடத்தில் வெள்ளை எல்.இ.டி. போடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. தகட்டின் விளிம்பில் இருக்கிற ஒவ்வொரு கீறலையும் அந்த வெளிச்சம் ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் கூட்டை வெளுக்கவைக்கும் வித்தை தனி. ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைப்பது. சலூன்களில் முடிக்கு நிறம் ஏற்ற வைத்திருக்கும் 12 சதவீதக் க்ரீமே போதும், கையுறை அவசியம். மற்ற நாட்டுக்காரர்கள் இதற்கென்று அல்ட்ரா வயலட் விளக்கு வாங்குகிறார்கள். நமக்கு மே மாத மொட்டை மாடி இருக்கிறது. க்ரீம் காய்ந்துவிடாமல் பாலிதீனால் சுற்றி, மணிக்கு ஒருமுறை திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும். சில வருடத்தில் மஞ்சள் திரும்பி வருவதும் உண்டு. ஆகவே லேசான மஞ்சளை நான் தொடுவதில்லை.

கடைசியாக, அமெரிக்கக் கடிகாரத்தை என்ன செய்வது? இந்தக் கேள்வியோடு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ட்ரான்ஸ்ஃபார்மர் விற்கும் கடை ஒன்றில் நின்றேன்.

"அண்ணே, 120 வோல்ட்டுக்கு இறக்கணும். அஞ்சு வாட் போதும்."

"என்ன ஐட்டம் சார்?"

"பழைய கடிகாரம். அமெரிக்கா."

"ட்ரான்ஸ்ஃபார்மர் தர்றேன் சார், எரியாது. ஆனா டைம் காட்டாது. அறுபது சைக்கிளை இதுல கொண்டுவர முடியாது பாருங்க." கல்லாவைத் திறந்துகொண்டே சொன்னார். "போன மாசம்தான் ஒருத்தர் திருப்பிக் கொண்டாந்து சண்டை போட்டுட்டுப் போனாரு."

அவர் சொன்னது சரி. ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை அப்படியே கடத்திவிடும். அமெரிக்கக் கடிகாரத்தை இங்கே சரியாக ஓடவைக்க வழி இரண்டு. ஒன்று, குவார்ட்ஸ் படிகத்தை வைத்து 60 ஹெர்ட்ஸை நாமே உண்டாக்கி, சின்ன ஆம்ப்ளிஃபையரில் பெருக்கி, ட்ரான்ஸ்ஃபார்மரைத் தலைகீழாகப் போட்டு 120 வோல்ட்டுக்கு ஏற்றுவது. எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவருக்கு ஒரு வார வேலை. சுவர்க் கரன்ட்டைவிடத் துல்லியமாகவே ஓடும். பேட்டரி சேர்த்துவிட்டால் மின்வெட்டிலும் நிற்காது. இன்னொன்று, செத்துப்போன 50 ஹெர்ட்ஸ் கடிகாரம் ஒன்றிலிருந்து மோட்டாரையும் பல்சக்கரப் பெட்டியையும் எடுத்து மாட்டுவது. கோப்பல் எந்திரங்கள் பலவற்றில் திருகுத் துளைகள்கூடப் பொருந்திவிடும்.

முதல் வழியைக் கையாளும் நண்பர்களோடு எனக்கு ஓயாத வழக்கு. குவார்ட்ஸ்தான் வேண்டுமென்றால் ஹாங்காங்கின் ட்வெம்கோ இன்றும் பேட்டரியில் ஓடும் ஃப்ளிப் கடிகாரம் செய்து விற்கிறதே, நல்ல கடிகாரம், வாங்கி மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். நாள் ஒன்றுக்கு 43 லட்சத்து 20 ஆயிரம் முறை ஏறி இறங்கும் மேட்டூரின், நெய்வேலியின், கூடங்குளத்தின் கரன்ட்டை எண்ணுவதற்காகத்தான் நான் அந்த அமெரிக்கப் பெட்டியை மெனக்கெட்டுப் பிரிக்கிறேன். நிமிடம் முன்னே பின்னே போகட்டும். 'உன் கடிகாரம் தப்பு' என்கிறார்கள். மின்வாரியத்தைக் கேளுங்கள் என்கிறேன். வழக்கு இன்னும் நடக்கிறது, இதற்கிடையில் 50 ஹெர்ட்ஸ் கோப்பல் மோட்டார் எங்காவது கிடந்தால் எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இரண்டு காயலான் கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன்.